டைமிங் பெல்ட் மாத்தினதும் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? 22,000 ரூபாய்க்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வரிச் சலுகை என்று பேசுற இடத்தில் இன்னைக்கு ஸ்பேனரும் கிரீஸும் வருது. பயப்படாதீங்க, இதுவும் பணம் பத்தின விஷயம்தான். என் ஒரு மாசச் சம்பளத்தில் முக்கால் பங்கு ஒரே போன் காலில் போக இருந்தது. அது எப்படிப் போகாமல் நின்றது என்பதுதான் கதை.

அப்போ நான் காஞ்சிபுரத்தில் இருந்து வாலாஜாபாத் வழியா ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்ட்டு இருந்தேன். கையில் வர்ற சம்பளம் 31,000. கம்பெனி பஸ்ஸை ரெண்டு தடவை விட்டு, ஷிஃப்ட் லேட்டாகி, மெமோ வாங்கின வேகத்தில் ஒரு பழைய சான்ட்ரோ ஜிங் வாங்கினேன். 2010 மாடல். வாங்கும்போது டயர் பார்த்தேன், ஏசி பார்த்தேன், பெயின்ட் தட்டிப் பார்த்தேன். டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்க என்று மட்டும் கேட்கலை. பழைய ஓனரிடம் அப்புறம் கேட்டபோது அவருக்கும் தெரியலை.

சரி, தெரியாத பெல்ட்டை நம்பி ஓட்ட வேண்டாம் என்று மாத்திவிட முடிவு பண்ணேன். வைகாசி கருட சேவை அன்னைக்கு ஊருக்குள் எப்படியும் கார் எடுக்க முடியாது. அதனால் காலையில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிட்டுப் போய் விட்டேன். பெல்ட், டென்ஷனர், லேபர் எல்லாம் சேர்த்து 5,200 என்று பேச்சு. சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, பெல்ட் மாத்தியாச்சு. ஆனா வண்டி ஸ்டார்ட் எடுக்க மாட்டேங்குது. பழைய வண்டி இல்லையா, வால்வு வளைஞ்சிருக்கும். ஹெட்டை இறக்கணும். 22,000 ஆகும். பிரிக்கட்டுமா?"

"காலையில நான்தானேண்ணா ஓட்டிட்டு வந்தேன்? நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது காலையில, தம்பி."

இந்த இடத்தில் நம்மில் பாதிப் பேர் "சரிண்ணா, பண்ணிடுங்க" என்று சொல்லிடுவோம். வண்டி அவங்க கையில், பிரிச்ச நிலையில் இருக்கு. நமக்கு இஞ்சின் தெரியாது. திங்கக்கிழமை ஷிஃப்ட்டுக்குப் போகணும். நானும் வாயெடுத்துட்டேன். அப்புறம் "அரை மணி நேரம் குடுங்க" என்று சொல்லிட்டு, எங்க தெருவில் முப்பது வருஷமா வண்டி வேலை பார்த்து ஓய்வா இருக்கும் பெரியவர் ஒருத்தருக்குப் போன் போட்டேன். அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னது: "முதல்ல அவங்களை சாவியைத் திருகறதை நிறுத்தச் சொல்லு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய, பெல்ட் என்ன பண்ணுது என்று தெரியணும். கொஞ்சம் பொறுமையா வாங்க, இங்கேதான் காசு இருக்கு.

இஞ்சினுக்குக் கீழே கிராங்க் ஷாஃப்ட், அது பிஸ்டனை மேலும் கீழும் தள்ளுது. மேலே கேம் ஷாஃப்ட், அது வால்வுகளைத் திறந்து மூடுது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினால் கேம் ஒரு சுத்து சுத்தணும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு வழியை விட்டு விலகி இருக்கணும். இந்த ரெண்டையும் ஒரே தாளத்தில் கட்டி வைப்பதுதான் பல் வைத்த அந்த ரப்பர் பெல்ட். நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா, ஜக்கார்டு தறியில் அட்டை மாதிரி. அட்டை ஒண்ணு தள்ளி விழுந்தால் தறி ஓடும், நூல் இருக்கும், கை வேலை சரியா இருக்கும், பார்டரில் மட்டும் டிசைன் கோணிக்கும். தறியில் கோணினது சேலையோட போச்சு. இஞ்சினில் பிஸ்டன் போய் வால்வை முட்டும். இப்படி முட்டக்கூடிய அமைப்பு உள்ள இஞ்சின்தான் இன்னைக்குப் பெரும்பாலும் ரோட்டில் ஓடுது.

பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டிட்டா என்ன பெரிய வித்தியாசம் என்று தோணும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு சுத்து 360 டிகிரி, அப்போ ஒரு பல் 18 டிகிரி. ரெண்டு பல் என்றால் 36 டிகிரி. ஒரு பல் தள்ளினால் வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுவை இருக்காது, ஐட்லிங்கில் நடுங்கும், டாஷ்போர்டில் இஞ்சின் விளக்கு எரியும். ஓபிடி ஸ்கேனர் போட்டால் பி0016 என்கிற கோடு வரலாம். கிராங்க்கும் கேமும் ஒத்துப் போகலை என்று அதுக்கு அர்த்தம். ரெண்டு மூணு பல் தள்ளினால் ஸ்டார்ட்டர் சுத்தும், வண்டி எடுக்காது. அந்த நிலையில் "ஒரு தடவை பார்ப்போம், இன்னொரு தடவை பார்ப்போம்" என்று செல்ஃப் அடிச்சா, அதுவரைக்கும் நல்லா இருந்த வால்வு அப்போ வளையலாம். பெரியவர் கத்தினது அதுக்குத்தான். மாத்தின பெல்ட்டோட வண்டி எடுக்கலைன்னா ரெண்டு தடவைக்கு மேல் சாவியைத் திருகக் கூடாது.

எப்படித் தள்ளிப் போகுது? கவனக்குறைவு மட்டும் காரணம் இல்லை. பழைய பெல்ட்டைக் கழட்டின உடனே வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் சக்கரம் தானா லேசா துள்ளித் திரும்பும். மார்க் நகர்ந்துடும். சில சக்கரத்தில் ஒண்ணுக்கு மேல் மார்க் இருக்கும், தப்பான மார்க்கைப் பிடிச்சிடுவாங்க. பெல்ட்டின் தொய்வு டென்ஷனர் பக்கம் இருக்கணும், அது எதிர்ப் பக்கம் நின்னுட்டா டென்ஷனர் இறுக்கும்போது ஒரு பல் நகரும். இதையெல்லாம் பிடிக்க ஒரு சின்ன பழக்கம் இருக்கு: பெல்ட் மாட்டினதும் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் ரெண்டு முழுச் சுத்து சுத்தணும். மார்க் எல்லாம் மறுபடி அதே இடத்தில் வந்து நிக்கணும். அஞ்சு நிமிஷ வேலை. கடையில் நாலு வண்டி நிக்கும்போது முதலில் விடுபடுறதும் இதுதான்.

பெரியவரை பைக்கில் ஏத்திக்கிட்டு ஒர்க்‌ஷாப் போனேன். அவர் செய்தது எல்லாமே காசு ஆகாத சோதனையில் ஆரம்பிச்சது. ஹெட் இறக்குறது கடைசி. இந்த வரிசையைத்தான் நீங்க மனசில் வைக்கணும்.

முதலில் ஸ்டார்ட்டர் சுத்துதா என்று கேட்டார். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பெல்ட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வேலைக்காக பேட்டரி டெர்மினலைக் கழட்டியிருப்பாங்க, சரியா இறுக்கியிருக்க மாட்டாங்க, இல்லைன்னா எர்த் ஒயர் தொங்கும். என் வண்டியில் ஸ்டார்ட்டர் சுத்தினது. அடுத்து, சுத்தும்போது என்ன சத்தம்? நல்ல இஞ்சினில் 'உர்... உர்... உர்...' என்று மூச்சு வாங்குற மாதிரி ஏத்த இறக்கம் இருக்கும். அது கம்ப்ரஷன். அந்த ஏத்த இறக்கமே இல்லாமல் மிக்ஸி மாதிரி 'விர்ர்ர்' என்று வேகமா ஒரே சீரா சுத்தினால் கம்ப்ரஷன் இல்லை. இதை போன்லேயே கேட்டுக்கலாம். அதுவரை ஒர்க்‌ஷாப்காரர் எத்தனை தடவை செல்ஃப் அடிச்சார் என்று பெரியவர் கேட்க, அவர் "மூணு நாலு தடவைதான்" என்றார். சத்தம் 'விர்' என்று இல்லை, மூச்சு லேசா இருந்தது என்றும் சொன்னார்.

அப்புறம் கனெக்டர்கள். பெல்ட் வேலைக்காகக் கழட்டின கிராங்க் சென்சார், கேம் சென்சார் பிளக் எல்லாம் திரும்ப மாட்டியிருக்கா, ஒயர் எங்கேயாவது நசுங்கியிருக்கா என்று டார்ச் அடிச்சுப் பார்த்தார். கிராங்க் சென்சார் சிக்னல் வரலைன்னா ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் வராது, வண்டி செத்த மாதிரிதான் இருக்கும். வெறும் ஒரு பிளக் மாட்டாததுக்கு ஹெட்டை இறக்கின கதைகள் உண்டு. சாவியை ஆன் பண்ணும்போது பின் சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் ரெண்டு நொடி முனகுற சத்தமும் கேட்டது. டீசல் வண்டியாக இருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கா என்றும் பார்க்கணும்.

இதெல்லாம் சரியா இருந்ததால் மேல் கவரைத் திறக்கச் சொன்னார். கிராங்க்கை அதன் மார்க்குக்குக் கொண்டு வந்து நிறுத்தி, மேலே பார்த்தால் கேம் மார்க் அதன் இடத்தில் இல்லை. பல்லை விரலால் எண்ணிக் காட்டினார். ரெண்டு.

ஒர்க்‌ஷாப்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அன்னைக்கு அவர் கடையில் தனியாளா ஓடிக்கிட்டு இருந்ததையும் பார்த்தேன். அவரே பெல்ட்டைக் கழட்டி மறுபடி செட் பண்ணார். இந்தத் தடவை பெரியவர் நின்னு ரெண்டு சுத்து கையால் சுத்த வைத்தார். எங்கேயும் முட்டலை. ஸ்பேனரில் கெட்டியா ஏதாவது தட்டினால் அங்கேயே நிறுத்தணும், பலம் போட்டுத் திருப்பினால் நாமே வால்வை வளைக்கிறோம். அது கை உணர்ற விஷயம், மெஷின் இல்லை.

மார்க் சரியாயிடுச்சு, இப்போ செல்ஃப் அடிக்கலாம்தானே? பெரியவர் விடலை. "கம்ப்ரஷன் கேஜ் இருக்கா?" என்றார். கடையில் இல்லை. பக்கத்துக் கடையில் 500 ரூபாய்க்கு வந்து பார்த்துக் குடுத்தாங்க. நாலு சிலிண்டரும் 165, 170, 165, 160 பிஎஸ்ஐ. அப்புறம் சாவி. ரெண்டாவது சுத்திலேயே எடுத்துடுச்சு.

இந்த 500 ரூபாய் சோதனையைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். மார்க்கைச் சரி பண்ணின பிறகு எடுக்கிற கம்ப்ரஷன் எண்கள்தான் உங்க பணத்துக்கான தீர்ப்பு. நாலும் நல்லா, கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால் வால்வு வளையலை, ஹெட்டைத் தொட வேலையே இல்லை. ஒண்ணோ ரெண்டோ சிலிண்டர் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தால் அங்கே வால்வு வளைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், ஹெட் இறக்கத்தான் வேணும். நாலும் ஒரே மாதிரி குறைவா இருந்தால் டைமிங் இன்னும் தப்பா இருக்கு என்று சந்தேகப்படணும், திரும்ப மார்க்கைப் பார்க்கச் சொல்லுங்க. போனில் "ஹெட் இறக்கணும்" என்று யார் சொன்னாலும் நீங்க கேட்க வேண்டிய கேள்வி: "மார்க் போட்டோ அனுப்புங்க, நாலு சிலிண்டர் கம்ப்ரஷன் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்க." அந்த ரெண்டும் வராமல் பிரிக்க ஓகே சொல்லாதீங்க.

எல்லாருக்கும் என் மாதிரி முடியாது. என்னோட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் வண்டியில் இதே மாதிரி ஆகி, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் சுத்தமா இல்லை. ஹெட் இறக்கினாங்க, மூணு வால்வு வளைஞ்சிருந்தது. வால்வு, கேஸ்கெட், லேத் வேலை, லேபர் எல்லாம் சேர்ந்து 24,000. அவர் கிரெடிட் கார்டில் தேய்ச்சு, மினிமம் டியூ மட்டும் கட்டி வந்தார். கார்டு பாக்கிக்கு மாசம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். அதைப் பத்தி தனி வீடியோவே போட்டிருக்கேன், இங்கே நீட்டலை.

அந்த 24,000 யார் கட்டணும்? ஓடி வந்த வண்டி, பெல்ட் மாத்தின கடையிலேயே, மார்க் தப்பினதால் கெட்டது என்றால் அது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒர்க்‌ஷாப் வேலையும் ஒரு சேவைதான். முதலில் கடைக்காரரிடம் பேசுங்க, பேசினதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்புங்க. நகரலைன்னா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்க குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்னை நடந்து 2 வருஷத்துக்குள் போடணும். ஆனால் இதெல்லாம் கையில் பில் இருந்தால்தான். துண்டுச் சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை. வண்டி நம்பர், தேதி, ஓடின கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு ரூபாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்க. கழட்டின பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் கேட்டு வாங்கி டிக்கியில் போடுங்க. வண்டியை விடும்போது அது தானா ஓடி உள்ளே போகிற மாதிரி ஒரு பத்து நொடி வீடியோ எடுத்துக்கிட்டா இன்னும் நல்லது. "காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்பதுக்கு என்கிட்ட சாட்சியே இல்லை.

இன்சூரன்ஸ் தருமா என்று கேட்பீங்க. தராது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இயந்திரக் கோளாறும் தேய்மானமும் விலக்கு. 'இஞ்சின் புரொடெக்ட்' ஆட்-ஆன் இருக்கே என்றால், அது முக்கியமா தண்ணி புகுந்தது, ஆயில் கசிந்தது மாதிரி பாதிப்புக்கு. மெக்கானிக் பெல்ட்டைத் தப்பா மாட்டினதுக்கு இல்லை. ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் டோயிங் செலவு மிச்சமாகலாம், அவ்வளவுதான்.

சரி, உங்க வண்டியில் பெல்ட்டா, செயினா? வாங்குறதுக்கு முன்னாடியே பார்க்க வேண்டியது இது. நம்ம மாவட்டத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் இருந்து வந்த சான்ட்ரோ பெல்ட் வண்டி. ஐ10 வாங்குறவங்க கவனிங்க: 1.1 லிட்டர் இஞ்சின் என்றால் பெல்ட், 1.2 கப்பா இஞ்சின் என்றால் செயின். வெளியே பார்க்க ரெண்டும் ஒரே வண்டி. ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டர் டீசல், பெல்ட். பழைய இன்னோவா 2.5 டீசல் பெல்ட், பிறகு வந்த கிரிஸ்டா 2.4 செயின். ஆல்ட்டோ 800 பெல்ட், ஆல்ட்டோ கே10 செயின். பெல்ட் வண்டி மட்டமான வண்டி என்று அர்த்தம் இல்லை. வாங்கும் விலையில் பெல்ட் மாத்துற செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்க, அவ்வளவுதான். மாத்தின பில் காட்டினால் நம்புங்க. "போன வருஷம்தான் மாத்தினோம் சார்" என்று வாயால் சொன்னால் மாத்தலை என்றே கணக்குப் போடுங்க. எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்பது உங்க வண்டியின் ஓனர் மேனுவலில் இருக்கும். ரெண்டில் எது முதலில் வருதோ அதுதான் கெடு. வீட்டில் சும்மா நிக்கிற வண்டியிலும் ரப்பர் வயசாகும். வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடுற இஞ்சினாக இருந்தால் பம்பையும் சேர்த்தே மாத்திடுங்க, லேபர் ஒரே தடவையோட போகும்.

இப்போ நம்ம வழக்கமான கணக்கு. பெல்ட் வேலைக்கு 6,000 ரூபாய், 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று வைப்போம். ஒரு கிலோமீட்டருக்கு 10 பைசா. தினமும் போக வர 60 கிலோமீட்டர், மாசம் 22 நாள் வேலை என்றால் 1,320 கிலோமீட்டர். அதாவது மாசம் 132 ரூபாய். ஓடிடி சந்தாவை விடக் குறைவு. நான் இதை 200 ஆக்கி, 'வண்டி' என்று பேர் வைத்த ஒரு தனி ஆர்டியில் போடுறேன். எமர்ஜென்சி ஃபண்டில் கை வைக்காதீங்க. வரும் தேதி முன்னாடியே தெரிஞ்ச செலவு எமர்ஜென்சி கிடையாது.

அன்னைக்கு ராத்திரி கணக்கு முடிச்சோம். பேசின 5,200 கொடுத்தேன். ரெண்டாம் தடவை செட் பண்ணினதுக்கு லேபர் கேட்கலை. கம்ப்ரஷன் சோதனைக்கு நான் கொடுத்த 500-ஐ ஒர்க்‌ஷாப்காரரே பில்லில் கழிச்சுக்கிட்டார். பெரியவர் காசு வாங்க மாட்டேன்னுட்டார், வழியில் இட்லியும் காபியும் மட்டும். கிளம்பும்போது அவர் என்கிட்ட மார்க்கர் பேனா கேட்டு வாங்கி, பானெட்டுக்கு உள்ளே பெல்ட் மாத்தின தேதியும் கிலோமீட்டரும் எழுதினார்: 71,840. வண்டியை வித்தப்போ வாங்க வந்தவர் முதலில் குனிஞ்சு பார்த்தது அதைத்தான். பில்லையும் காட்டினேன். பேரத்தில் பெல்ட் பேச்சே வரலை.